இருபத்தொரு வயதுக்கு ஆறு வரிகள்: போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பெயர் தேடல் சேவை

என் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். எந்த ஊரில், எந்த நாளில், எப்படி இறந்தார் என்பது எண்பது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமலே இருந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் நடத்தும் இலவசப் பெயர் தேடல் சேவையைச் சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் விடாமல் பயன்படுத்தியதில், அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு முழு விடையும் ஒன்றுக்குப் பாதி விடையும் கிடைத்தன. தமிழ்நாட்டில் இதே கேள்விகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று நம்புவதால், இந்தச் சேவை என்ன தருகிறது, என்ன தருவதில்லை, தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவரை அதில் எப்படித் தேடுவது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வட ஆர்க்காடு மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் தச்சுவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக்கொண்டு அப்பாவோடு வண்டிச் சக்கரமும் ஏர்க்கலப்பையும் செய்யப் போனார். 1942இல் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் பெங்களூருக்கு ரயிலேறி, மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, மிதவை செய்வது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை அந்தப் படையின் வேலைகள் என்பதால், உளி பிடித்த கைக்கு அங்கே மதிப்பு இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை விடுப்பில் வந்தார். வந்த பத்து நாளில் ஒரு நாள்கூடச் சும்மா உட்காராமல், வீட்டில் உடைந்து கிடந்ததையெல்லாம் சரி செய்தார் என்றும், தங்கைக்கு அரிவாள்மணைக்கு ஒரு பலாப்பலகை செதுக்கிக் கொடுத்தார் என்றும் பாட்டி சொல்வார். அந்த அரிவாள்மணையின் இரும்பை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. பலகை இன்னும் அதேதான். 1945இல் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைப் படித்துவிட்டு, பையன் இல்லை என்று மட்டும் சொன்னாராம். அந்தக் காகிதத்தை அவருடைய அம்மா யார் கண்ணிலும் படாமல் எங்கோ வைத்தார். பிறகு அது கிடைக்கவே இல்லை. மிஞ்சியவை, ராணுவ உடையில் எடுத்த ஒரு நிழற்படமும் அம்மாவுக்கு மாதாமாதம் வந்த ஓய்வூதியத்தின் ஒரு தாளும்தான்.

இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் திதி கொடுக்க முடியவில்லை. ஆண்டுதோறும் மகாளய அமாவாசையில், பொதுவாக எல்லாருக்கும் இறைக்கும் எள்ளும் தண்ணீரும்தான் அவருக்கும். இந்தக் குறை பாட்டியை எவ்வளவு வருத்தியது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

இனி சேவைக்கு வருகிறேன். 1917இல் அரச சாசனத்தின் மூலம் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறைகள் ஆணையம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, இரு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் நாடுகளின் சுமார் 17 லட்சம் வீரர்களின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பராமரித்து வருகிறது. இரண்டாம் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்து இறந்தவர்கள் இதில் அடங்குவர்; போர்முனையில் மடிந்தவர்கள் மட்டுமன்றி, மருத்துவமனையில் காய்ச்சலாலோ வண்டி விபத்திலோ இறந்தவர்களும் பதிவேட்டில் இருக்கிறார்கள். அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளிலிருந்து இரண்டாம் போரில் மட்டும் 87,000க்கும் மேற்பட்டோர் இதில் பதிவாகியுள்ளனர். இத்தனை பேரின் பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல், கணக்குத் தொடங்காமல் தேடிப் பார்க்கலாம் என்பதே இந்தச் சேவையின் முதல் பெருமை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சேவையைப் பற்றித் தெரிவதற்கு முன்பு, போர்வீரர்களின் வரலாற்றைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் ஆய்வாளரிடம் நான் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் அனுப்பிய அறிக்கையில் இருந்தது, பெயர் ஒத்துப்போன வேறொருவரின் பதிவு. பிறகு பார்த்தபோது, அது ஆணையத்தின் தளத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்ட பக்கம் என்பது தெரிந்தது. எனவே யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்பு, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி நீங்களே தேடிப் பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேடுவதில் உள்ள சிரமம் முழுக்க முழுக்கப் பெயரில்தான் இருக்கிறது. நம் பெயர்களை அன்று ஆங்கிலத்தில் எழுதியவர்கள், ஆள் சேர்க்கும் முகாம்களில் அவசரமாக எழுதிய எழுத்தர்கள். காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை அவர்கள் நான்கு விதமாகவாவது எழுதியிருக்கிறார்கள். சாமி என்பது ஓரிடத்தில் ஸ்வாமி ஆகிறது, மற்றோரிடத்தில் சாவ்மி ஆகிறது. மேலும், நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், ஒருவரின் இயற்பெயரையே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே முதற்பெயர் கட்டத்தில் எதையும் இடாமல், அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் பல எழுத்துக்கூட்டல்களில் இட்டுப் பார்க்க வேண்டும். தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னால் சேர்த்துத் தேடினால் எதுவும் கிடைக்காது; ஏனென்றால் தந்தையின் பெயர் கடைசியில் வரும் கூடுதல் விவரத்தில், இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்ற வரியில்தான் இருக்கும்.

அந்தக் கூடுதல் விவரத்தையே தேடும் வசதி விரிவான தேடல் பகுதியில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட நாளில்தான் எனக்கு வழி திறந்தது. பெயரை விட்டுவிட்டு, ‘இந்தியப் படை’ என்பதையும் இரண்டாம் உலகப் போர் என்பதையும் தெரிவு செய்து, மாவட்டத்தின் பெயரை மட்டும் இட்டேன். மாவட்டப் பெயர்களையும் அன்றைய ஆங்கில வழக்கிலேயே இட வேண்டும்: திருநெல்வேலிக்குத் தின்னவெல்லி, திருச்சிராப்பள்ளிக்கு ட்ரிச்சினாப்பொலி, தஞ்சாவூருக்குத் தஞ்சோர், செங்கல்பட்டுக்குச் சிங்கிள்புட், ராமநாதபுரத்துக்கு ராம்நாட். வட ஆர்க்காடு என்று இட்டதும் திரையில் விரிந்த பட்டியலைக் கண்டு நான் சற்று நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கம் பக்கமாக நம் ஊர்ப் பெயர்கள். நான் பேருந்தில் கடந்துபோன ஊர்கள், பெண் எடுத்த ஊர்கள், திருவிழாவுக்குப் போன ஊர்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போயிருக்கிறார். இந்தப் பட்டியலைக் கணினியில் விரிதாளாக இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. அப்படி இறக்கி, வரிவரியாகப் படித்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். அவருடைய பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. ஊரின் பெயரில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. ஆனால் தந்தையின் பெயர் சரியாக இருந்தது. ஓய்வூதியத் தாளில் மங்கலாகத் தெரிந்த படை எண்ணும் பதிவில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன.

அந்தப் பதிவு ஆறு வரி. பெயர், சாப்பர் என்ற பதவியும் படை எண்ணும், படைப்பிரிவு, இறந்த நாள், வயது 21, இன்னாரின் மகன், இன்ன ஊர், கடைசியாக, ரங்கூன் நினைவுச்சின்னம், அதில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் முகப்பின் எண். அவ்வளவுதான். நிழற்படத்தில் மீசை அரும்பியவராக நிற்கும் அவரை, முறைப்படி நான் தாத்தா என்றுதான் சொல்ல வேண்டும். என் மகனைவிட அவருக்கு இரண்டு வயதுதான் அதிகம் என்பதை அந்த நான்காவது வரியைப் படிக்கும்வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இறந்த நாள் 1945 மார்ச் முதல் வாரத்தில் விழுகிறது. பழைய பஞ்சாங்கத்தை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டியபோது, அது தாரண வருடத்து மாசி மாதத் தேய்பிறை என்று சொல்லித் திதியையும் குறித்துக் கொடுத்தார். இந்தச் சேவையை நடத்துகிறவர்கள் இறந்த நாளை ஒரு விவரமாகத்தான் பதிவு செய்திருப்பார்கள். ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்தத் தேதி என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எண்பது ஆண்டுகள் பொதுவில் நின்றுகொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு திதி உள்ளவர் ஆனார்.

எங்கே இறந்தார் என்பதற்குத்தான் பாதி விடை. உடல் கிடைக்காத, அல்லது கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன; யாங்கோன் (அன்றைய ரங்கூன்) நகருக்கு வடக்கே தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் 1958இல் திறந்துவைக்கப்பட்ட சின்னம் அது. அதே தோட்டத்தில், அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. அவர் பெயர் அதில் இல்லாமல் ரங்கூன் சின்னத்தில் இருப்பதால், எரியூட்டியதற்குப் பதிவு இல்லை என்று மட்டும் புரிந்துகொள்ளலாம். களம் எது என்பதை ஆணையத்தின் பதிவு சொல்வதில்லை. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷாரின் 14ஆம் படை ஐராவதி ஆற்றை மியின்மு, நியாங்கு ஆகிய இடங்களில் கடந்ததும், மார்ச் 3ஆம் தேதிக்குள் 17ஆம் இந்திய டிவிஷன் மெய்க்டீலா நகரைக் கைப்பற்றியதும் வரலாறு. ஆற்றைக் கடக்க மிதவை செய்தவர்களும், நகரின் தெருக்களில் கண்ணி அகற்றியவர்களும் சாப்பர்களே. அவர் அவற்றில் எங்கே நின்றார் என்பதை அறிய, அவருடைய கம்பெனியின் போர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணி ஆவணம் வேண்டி இங்கே ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே இந்தச் சேவையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். அது சாவின் பதிவேடு; வாழ்க்கையின் பதிவேடு அன்று. எப்போது சேர்ந்தார், எங்கே பயிற்சி பெற்றார், காயம் பட்டாரா, நொடியில் முடிந்ததா, தண்ணீர் கேட்டாரா என்ற எதற்கும் அதில் இடமில்லை. பலாப்பலகை செதுக்கியதை அது அறியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறு வரியில் முழு மனிதரையும் தேடி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்தால், அதுவரை சொல்லாததையெல்லாம் சொல்கிறார்கள். அண்ணன் இடது கையால் உளி பிடிப்பார் என்பதைப் பாட்டி சொன்னது இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான்.

பெயர் தெரிந்த எல்லாரையும் பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபடுத்தாமல் ஒரே மாதிரி நினைவுகூர்வது என்பது ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் உள்ளிட்டோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. முதல் போரில் இறந்தவரைத் தேடும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: பெயர் அகப்படவில்லை என்பதால், உங்கள் முன்னோர் போருக்குப் போனார் என்ற வீட்டுப் பேச்சு பொய்யாகிவிடாது. ரங்கூன் சின்னத்தைப் பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற வாசகம் அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது, தமிழில் இல்லை. மதராஸ் சாப்பர்களை ராணுவம் முழுவதும் இன்றுவரை ‘தம்பி’ என்ற தமிழ்ச் சொல்லால்தான் அழைக்கிறது என்பதை நினைக்கும்போது அந்த வெற்றிடம் உறுத்துகிறது.

பதிவில் பிழை இருந்தால் ஆதாரத்துடன் எழுதித் திருத்தம் கோரலாம். ஊர்ப் பெயரைத் திருத்தக் கோரி, ஓய்வூதியத் தாளின் நகலை இணைத்து எழுதியிருக்கிறேன். அவரவர் பெயரில் ஒரு நினைவுச் சான்றிதழையும் அந்தப் பக்கத்திலிருந்தே இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பயன்பட்டவை, பதிவின் அடியில் இணைக்கப்பட்டுள்ள பழைய பதிவேட்டுத் தாள்களின் படங்கள். தட்டச்சு செய்த அந்தத் தாளில், தட்டெழுத்தில் விழுந்த மை சற்றுப் பரவி, அவர் பெயரின் கடைசி எழுத்து அழுத்தமாகத் தெரிகிறது. தேடல் பட்டியலில் குறைந்திருந்த எழுத்து அங்கே இருந்தது. எனவே எவரும் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் அந்தத் தாள்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

யாங்கோன் போக இப்போது வழியில்லை என்பதால், பாட்டியைச் சென்னை நந்தம்பாக்கத்தில் இதே ஆணையம் பராமரிக்கும் மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்ட தோட்டம் அது. 850க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். புல் வெட்டி, கல் துடைத்து, ஒவ்வொரு கல்லின் அடியிலும் செடி வைத்து அவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். வெளியே போகும் வாகன இரைச்சல்கூட உள்ளே மரியாதையாகக் குறைந்துவிட்டதுபோல் இருந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். கல்லுக்குக் கல் நின்று வயதை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தார். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபது. அண்ணன் பெயர் இங்கே இல்லை என்று நான் முன்பே சொல்லியிருந்தும், இருபத்தொன்று என்று இருந்த ஒரு கல்லின் முன்னால் அதிக நேரம் நின்றார்.

திரும்பி வந்த இரவு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். “அந்தத் தூணுல எங்கண்ணன் பேருக்குப் பக்கத்துல யாரு பேருப்பா இருக்குது?” எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. ஆனால் அதற்கும் இந்தச் சேவையில் வழி இருக்கிறது: நினைவுச்சின்னத்தின் பெயரையும் படைப்பிரிவையும் தெரிவு செய்தால், அதில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் அகர வரிசையில் வருகிறார்கள். அண்ணனுக்கு மேலே சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவர். கீழே மலபார்க்காரர். அதற்கும் கீழே தின்னவெல்லி என்று எழுதப்பட்ட திருநெல்வேலிக்காரர், வயது 19. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தும்போதெல்லாம், “இன்னும் படி” என்றார். அன்றிரவு அந்த முகப்பில் இருந்த அத்தனை பெயர்களையும், அவர்களுடைய அப்பாக்களின் பெயர்களையும், ஊர்களையும் படித்து முடித்தபோது மணி பதினொன்றரை.